சபையை விட்டு வந்தவர்களின் காலண்டர்

ஆடி மாதம் கூழ் ஊற்றத் தொடங்கியதும் இந்தக் கேள்வி வர ஆரம்பிக்கும். பிறகு ஆயுத பூஜை, தீபாவளி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனை, பொங்கல் என்று ஆறு மாதம் ஓடும். எர்ணாவூர், சாத்தாங்காடு, காலடிப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து நம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "தோழர், சபைக்குப் போறத நிறுத்தி ரெண்டு வருசமாச்சு. மத்த நாள்ல ஒண்ணும் தெரியல. பண்டிகை வந்தா மட்டும் எங்க நிக்கிறதுன்னு தெரியல."

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கும் தோழர்கள் உண்டு. மதத்தை விட்டவன் பண்டிகையையும் விட வேண்டியதுதானே என்பார்கள். சொல்பவருக்கு அம்மா வீட்டில் பொங்கல் உண்டு, மாமியார் வீட்டில் தீபாவளி உண்டு. மேடையில் மட்டும்தான் கடவுள் மறுப்பு. அவர் எதையும் இழக்காமல் நாத்திகராக இருக்க முடிகிறது. கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த சேரிப் பிள்ளையின் கதை வேறு. அவன் மதத்தை விடுவதற்கு இருபது வருடம் முன்பே சபை அவனிடமிருந்து பண்டிகைகளை வாங்கிக்கொண்டுவிட்டது. இனிமேல் விடுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது?

வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். என் அம்மா திருவொற்றியூரில் ஒரு ஓலைக்கொட்டகைச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். பொட்டு இல்லை, பூ இல்லை, தோடு இல்லை, சினிமா இல்லை. பொங்கல் சூரியனுக்குச் செய்கிற ஆராதனை. கூழ் பிசாசுக்குப் படைத்தது. தீபாவளி சொல்லவே வேண்டாம். இதெல்லாம் பலரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் கிறிஸ்துமஸும் கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்பார் பாஸ்டர். நாள் பார்ப்பதையும் மாதம் பார்ப்பதையும் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் கண்டித்திருக்கிறார், அத்தோடு முடிந்தது. பக்கத்துத் தெருவில் சிஎஸ்ஐ வீடுகளில் நட்சத்திரம் தொங்கும், கேக் வாசனை வரும். நாங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு இருந்தது டிசம்பர் 31 இரவு மட்டும். பன்னிரண்டு மணிக்கு முழங்காலில் நின்று, அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு, ஒரு பன்னும் டீயும் குடித்துவிட்டு நடந்து வருவோம். வருடத்துக்கு ஒரு ராத்திரிதான் பண்டிகை.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் முட்டாள்கள், அமெரிக்கக் காசுக்கு மயங்கியவர்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நிலக்கரி அள்ளியவர்கள், லாரி கழுவியவர்கள் வீட்டில் சனிக்கிழமைக் கூலி சாராயக் கடையோடு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூலி வீடு வந்து சேர்ந்தது சபைக்குப் போன பிறகுதான். எங்கள் தெருப் பெண்கள் எழுத்துக்கூட்டிப் படித்தது வேதாகமத்தில்தான். கான்ட்ராக்டர் 'டேய்' என்று கூப்பிட்ட மனிதனை, நாற்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் 'பிரதர்' என்று கூப்பிட்டார். சாவு விழுந்தால் பெட்டிக்குக் காசு சேர்த்தது சபை. நகையும் பூவும் வேண்டாம் என்ற சட்டம்கூட, நகையே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அவமானத்திலிருந்து ஒரு விடுதலைதான். தேவாலயத்திலும் சாதி பார்த்து உட்கார வைத்த பழைய சபைகளிலிருந்து கூரைச் சபைக்கு வந்தவர்களும் உண்டு. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் 2008-ல் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள், கலவரம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. திருவிழாவும் தேரும் கல்லறையும் எங்கெல்லாம் பெரிதாக இருக்கிறதோ அங்கெல்லாம் சாதிக்கு உட்கார நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. பண்டிகையே இல்லாத சபையில் அந்த இடம் குறைவு. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கொடுத்ததற்கு ஈடாகச் சபை எடுத்துக்கொண்டது சொந்தத்தை. தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் இருக்கிறது: புறஜாதி. யூதர் அல்லாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட சொல். ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்ட மக்கள், தங்கள் சொந்த அத்தையை, அதே சேரியில் மூன்று வீடு தள்ளி இருக்கிற சித்தப்பாவை, 'புறஜாதி' என்று சொல்லப் பழகினார்கள். அத்தை ஆடிக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினால் திருப்பி அனுப்பினோம். இரண்டு தடவை திரும்பி வந்த தூக்கு மூன்றாவது தடவை வராது. பறை அடித்தால் பிசாசு என்றார்கள். யாருடைய பறை? எங்கள் பெரியப்பா அடித்த பறை.

இப்படி வளர்ந்த ஒருவர் வெளியே வரும்போது வாசலில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

முதலில் சொந்தக்காரர்கள். "வா, இந்த வருசம் நீதான் பொங்கப் பானை வைக்கணும்" என்பார்கள். பாசம்தான், தப்பில்லை. இரண்டாவது, 'தாய் மதம் திரும்பு' என்று அழைக்கிற கூட்டம். வடசென்னைத் தெருக்களில் விநாயகர் ஊர்வலத்துக்குச் சேரிப் பையன்களுக்கு டி-ஷர்ட் கொடுப்பதும், சபையை விட்டவனைத் தேடி வந்து கையில் கயிறு கட்டுவதும் அவர்கள்தான். எந்தத் தாய், எந்த வீட்டில், எந்த வாசலில் நிற்க வைத்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கோபம் வரும்.

மூன்றாவது ஆளைப் பற்றித்தான் நம் பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. அவர் தாசில்தார்.

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். 18 விழுக்காட்டுப் பட்டியலில் இடமில்லை, தனித் தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் பாஸ்டராக இருந்த ஒருவர் கொடுத்த வன்கொடுமை வழக்கை இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ரத்து செய்தது. அடித்தவன் அவர் மதத்தைப் பார்த்தா அடித்தான்?

இந்தச் சட்டச் சண்டையின் முக்கியமான வழக்கு நம் பக்கத்தில்தான் பிறந்தது. ரத்தன் பஜார், என்.எஸ்.சி. போஸ் சாலை முனையில் நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைத்த தொழிலாளி சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். 1982-ல் அரசு செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. அதே வெயில், அதே ஊசி, அதே தோல். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் வந்த தீர்ப்பு, புதிய மதத்திலும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியது. நடைபாதையில் உட்கார்ந்திருப்பதே போதுமான நிரூபணம் இல்லையாம்.

பண்டிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? திரும்பி வந்தவர் உண்மையிலேயே திரும்பினாரா என்று நீதிமன்றங்கள் எதை வைத்துத் தீர்மானித்தன என்று பாருங்கள். கோலார் தங்க வயல் தனித் தொகுதியில் வென்ற ராஜகோபால் 1949-ல் கிறித்தவரானவர், பின்னர் இந்துவாகத் திரும்பியதாகச் சொன்னவர். 1967 தேர்தல் வழக்கில் அவர் திரும்பியதற்குச் சான்றில்லை என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த தேர்தல் வழக்கில், 1975-ல், அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சொந்தச் சாதி அவரைத் தங்களில் ஒருவராக நடத்தியதா என்பதே கேள்வி. கோயில் சுவருக்கு அடிக்கல் நாட்ட அழைத்ததும் கோயில் விழாவில் கலந்துகொண்டதும் அங்கே சான்றாக வந்து நின்றன. 2015-ல் கேரளத்திலிருந்து வந்த கே.பி. மனு வழக்கிலும் சமூகம் ஏற்றுக்கொண்டதா என்பது நிபந்தனைகளில் ஒன்று.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவர். பட்டியல் சாதி, கிறித்தவரை மணந்தவர். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்த அதிகாரிகள் அவர் மதம் மாறிவிட்டார் என்று முடிவு செய்து சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, சிலுவை மாட்டியதாலோ கணவரோடு தேவாலயம் போனதாலோ ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டதாக ஆகாது என்றது, அதிகாரிகளின் குறுகிய மனதையும் கண்டித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி பேசியது. ஞானஸ்நானம் எடுத்தவர், தவறாமல் தேவாலயம் போகிறவர், நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது.

ஆக, நீங்கள் எந்த நாளில் எங்கே நின்றீர்கள், யார் வீட்டில் என்ன செய்தீர்கள், சுவரில் எதை மாட்டினீர்கள் என்பதெல்லாம் கோப்பில் போகிற விஷயம். பிராமணர் ஒருவர் நாத்திகரானால் அவருடைய பூணூலைத் தேடி விஏஓ வரமாட்டார். சாந்தோமில் போய் மெழுகுவத்தி ஏற்றும் முதலியார் மாமியை யாரும் விசாரிக்க மாட்டார்கள். நம் வீட்டில் மட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒரு தடயம். நம்பிக்கை போய்விட்டதால் சபையை விட்ட ஒருவர், இன்னொரு நம்பிக்கை இருப்பதாக நடித்தால்தான் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்கிற நிலை எவ்வளவு கேவலமானது! ஆரிய சமாஜத்தில் போய்ச் சுத்திச் சடங்கு செய்து காகிதம் வாங்கி வாருங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தி என்றால் சுத்தம் செய்தல். பிறப்பிலேயே அசுத்தம் என்று சொன்னவனிடம் போய்ச் சுத்தமாகி வருவதா?

இதனால்தான் வடசென்னையில் பல வீடுகள் காகிதத்தில் இந்து, வீட்டில் கிறித்தவம் என்று இரண்டு பெயரோடு வாழ்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ், ரேஷன் கார்டில் வேறு. அவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே உடம்புக்கு இரண்டு பெயர் வைக்கச் சொன்னது 1950 ஆணை. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அறிக்கை கொடுத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. ஒன்றிய அரசு 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. ஆணையத்துக்கு மேல் ஆணையம்.

சரி, பண்டிகைக்கு வருவோம். மதத்தை விட்ட பிறகு காலண்டரை என்ன செய்வது என்பது நமக்குப் புதிய கேள்வி இல்லை. 1898-ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசருக்கு இதே தலைவலி இருந்தது. பௌத்தம் என்று சொல்லியாகிவிட்டது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் போகிக்கும் சேரியில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர் நாட்களைத் தூக்கிப் போடவில்லை, பொருளை மாற்றினார். தீபாவளி எள் நெய்யின் பயனைக் கண்டறிந்த நாள் என்றார், கார்த்திகை தீபத்தை ஆமணக்கு நெய்யோடு சேர்த்தார், போகியைப் போதிப் பண்டிகை என்றார். 'தமிழன்' இதழில் பக்கம் பக்கமாக எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சியை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. ஆனால் அவர் எடுத்த நிலைப்பாடு எனக்குப் பிடிக்கிறது: இந்த நாளுக்கு என்ன பொருள் என்று சொல்லும் உரிமை புரோகிதனுக்கு மட்டும் இல்லை, எனக்கும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் வேறு வழி போனார். 1956 அக்டோபர் 14, அசோக விஜயதசமி. நாளைத் தானே தேர்ந்தெடுத்தார், 22 உறுதிமொழிகளில் பழைய கடவுள்களையும் சிராத்தத்தையும் ஒவ்வொன்றாகக் கழித்தார். நாக்பூரில் அது பெரிய திருவிழாவாகவே வளர்ந்திருக்கிறது. நம் ஊரில் அந்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை. ஏப்ரல் 14 மட்டும் சேரியில் பாட்டு, பிரியாணி, புதுச்சட்டை என்று உண்மையான பண்டிகையாகிவிட்டது. அதற்கு யாரும் பாஸ்டரிடம் அனுமதி கேட்பதில்லை.

பொங்கல் மதம் இல்லை, தமிழர் திருநாள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடு என்கிற வாதத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அறுவடைத் திருநாள் என்றால் யாருடைய வயல்? செங்கல்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிழைக்க வந்து ஹார்பரில் மூட்டை தூக்கிய நம் தாத்தாக்களுக்குக் களத்தில் கிடைத்தது கூலி நெல், விளைச்சல் இல்லை. எண்ணூரில் இன்றைக்கு விளைவது சாம்பல்தான். வாசலில் கோலம் போட்டால் அனல்மின் நிலையச் சாம்பல் அதன் மேல் படிகிறது. ஆனாலும் பானை வைக்க ஆசைப்படுகிறவர் வைக்கட்டும், நான் தடுக்கவில்லை. வெறும் பச்சரிசியும் வெல்லமும் யாருடைய மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை.

கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள், விழுந்து கும்பிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தை வீட்டுக் கூழை முதலில் போய் வாங்கிக் குடியுங்கள். இருபது வருடம் திருப்பி அனுப்பிய தூக்கு அது, நீங்கள்தான் போக வேண்டும், அவர் வரமாட்டார். சபையில் இன்னும் இருக்கிற அம்மாவோடு டிசம்பர் 31 இரவு கொட்டகை வரை துணைக்குப் போய்விட்டு வெளியே நில்லுங்கள். அதனால் உங்கள் நாத்திகம் கரைந்துவிடாது. "பின்மாறிப் போனவன் வந்திருக்கான்" என்று உள்ளே சாட்சி சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைக்குப் போய் அப்பா குழியில் ஒரு பூ வையுங்கள். செத்தவர்களுக்குப் பூ வைக்கக்கூடாது என்று சொன்ன சபையில்தான் நான் வளர்ந்தேன். அந்தத் தடை மாதிரிக் குளிர்ச்சியான ஒன்றை நான் பார்த்ததில்லை. பூ வைத்தால் யாரையும் வணங்கியதாக ஆகாது.

வேலையிடம் இதைவிடச் சிக்கல். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பட்டறைகளில் ஆயுத பூஜை என்றால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய். சபையில் இருந்தபோது கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். 'அல்லேலூயா பார்ட்டி' என்று கிண்டல் செய்தார்கள். இப்போது உள்ளே நிற்பதா? என் கருத்தில், பொரி சாப்பிடலாம், சூப்பர்வைசர் நெற்றியில் குங்குமம் வைக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்தலாம். இரண்டுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பூசணியைக் கூட்டிப் பெருக்கும் வேலை மட்டும் வருடா வருடம் யார் தலையில் விழுகிறது என்று கவனியுங்கள். அது நம்பிக்கை விவகாரம் இல்லை, சாதி விவகாரம்.

இன்னும் இரண்டு விஷயம் தொழிலாளர்களுக்குத் தெரிய வேண்டும். தீபாவளி போனஸ் என்பது தீபாவளிக்கு முதலாளி போடும் பிச்சை இல்லை. 1965 போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு என்று நிர்ணயித்தது, கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றது. மார்ச்சிலிருந்து எட்டு மாதம் என்றால் நவம்பர், அதனால் தீபாவளியோடு ஒட்டிக்கொண்டது. சாமி கும்பிடாதவருக்கும் அது உழைத்த காசு. அடுத்து, 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, ஐந்து பண்டிகை விடுமுறை உண்டு. எந்த ஐந்து என்பதை ஆய்வாளர் முதலாளியையும் தொழிலாளியையும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். நம்மை யார் கலந்தார்கள்? ஒரு டிசம்பர் 6-ஐக் கேட்டுப் பார்த்த சங்கம் எத்தனை? கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்தப் பட்டியலே கண்ணில் படுவதில்லை என்பது தனிக் கதை.

கடைசியாக, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு. எல்லா மதத்தையும் விட்டாயிற்று, ஆகவே விண்ணப்பத்தில் சாதி, மதம் இரண்டையும் காலியாக விடப்போகிறேன் என்று இந்த வருடமும் ஒரு தம்பி சொன்னார். விட முடியும், தமிழ்நாட்டில் 1973-லிருந்து அதற்கு அரசாணை உண்டு. சாதியற்றவர், மதமற்றவர் என்று சான்றிதழே வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தம்பி, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சேரி காலியாகிவிடாது. உங்கள் மகளுக்கு ஆதிதிராவிடர் சான்றிதழ் இருந்தால் அதை வைத்திருங்கள். உங்களிடம் இருப்பது பி.சி. கிறித்தவர் சான்றிதழ் என்றால், தாசில்தாரிடம் போவதற்கு முன் ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள், சுத்திச் சடங்குக்காரரை அல்ல. பௌத்தமும் அந்த ஆணைக்குள் இருக்கிற வழிதான் என்பதையும் அவரிடம் கேளுங்கள். மகள் இந்த ஆடிக்கு அத்தை வீட்டுக் கூழ் குடிக்கட்டும், டிசம்பரில் நட்சத்திரம் கட்ட ஆசைப்பட்டால் கட்டட்டும். விஏஓ விசாரணைக்கு வந்து சுவரைப் பார்த்தால், 2021 தீர்ப்பின் நகல் ஒன்றை வீட்டில் எடுத்து வைத்திருங்கள்.